மூக்கொழுகும் பூனையும் முந்திக்கொள்ளும் மாத்திரையும்

பூனை தும்மினால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அந்தச் சளிக்குக் காரணம் பாக்டீரியாதானா என்பதைக் கண்டறிவது கால்நடை மருத்துவத்தின் சிக்கலான துப்பறியும் வேலைகளில் ஒன்று.

சிவாஜிநகரில் பூனைக்குப் பஞ்சம் வந்ததில்லை. ரஸல் மார்க்கெட்டைச் சுற்றி மீனும் இறைச்சியும் விற்கும்வரை வரவும் வராது. பஸ் நிலையத்தின் இரைச்சலுக்கும் புனித மரியன்னை பேராலயத்தின் மணியோசைக்கும் நடுவே, ஓட்டுக் கூரைகளிலும் தள்ளுவண்டிகளின் அடியிலும் அவை தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன. ஒரே சந்தில் நாலு மொழி பேசும் பேட்டை இது. தமிழில் பூனை, கன்னடத்தில் பெக்கு, தெலுங்கிலும் உருதுவிலும் ஏறக்குறைய ஒரே ஒலியில் பில்லி. கூப்பிடும் பெயர் மாறினாலும் புகார் ஒன்றுதான். தும்முகிறது, மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் பீளை கட்டியிருக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இத்தனைக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கும் ஒற்றைச் சொல்: சளி.

அடுத்து நடப்பதும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான். மூக்கில் மஞ்சளாக வழிவதைப் பார்த்ததும் "கிருமி பிடித்துவிட்டது" என்று முடிவாகிறது. வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தில் சில சொட்டு, அல்லது மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையில் கால் துண்டு. குட்டி பிழைத்தால் மாத்திரைக்குப் புகழ், செத்தால் விதி. இரண்டிலும் ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகிறது. அந்தச் சளிக்கு உண்மையில் காரணம் என்ன?

பூனையின் மூச்சுப் பாதையில் பாக்டீரியா தொற்று இருக்கிறதா, இருந்தால் எது என்று கண்டறிவது, கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். உண்மையில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத, சோதனைக்கூட அறிக்கையை மட்டும் நம்பியும் சொல்ல முடியாத விஷயம் அது. அதைத் தவறாகச் சொல்வதன் விலையைப் பூனை மட்டும் கொடுப்பதில்லை.

மஞ்சள் சொல்லும் பொய்

முதலில் நிறத்தைப் பார்ப்போம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பாக்டீரியா என்பது மனிதர்கள் விஷயத்திலேயே நெடுநாளாக நிலவும் தவறான நம்பிக்கை. அந்த நிறம் பெரும்பாலும் உடலின் சொந்தப் படைவீரர்களான வெள்ளை அணுக்களுடையது. வைரஸோடு சண்டையிட்டாலும் அவை செத்துக் குவியும், சளி மஞ்சளாகும். ஆகவே நிறம் சொல்வது 'இங்கே சண்டை நடக்கிறது' என்பதை மட்டுமே. எதிரி யார் என்று அது சொல்லாது.

பூனைகளைப் பொறுத்தவரை எதிரி பெரும்பாலும் வைரஸ்தான். மூக்கு, தொண்டை, கண் சம்பந்தப்பட்ட திடீர் நோய்களில் மிகப் பெரும் பகுதிக்கு இரண்டு வைரஸ்கள் காரணம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஒன்று பூனைகளுக்கான ஹெர்பிஸ் வைரஸ். மற்றது கேலிசி வைரஸ். ஆன்டிபயாட்டிக் மருந்து இந்த இரண்டையும் தொடக்கூட முடியாது. ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை. வைரஸ் மூக்கின் உள்தோலைப் புண்ணாக்கிவிட்டுப் போகும். திறந்து கிடக்கும் வீட்டில் நுழைவதுபோல, ஏற்கனவே மூக்கில் சாதுவாகக் குடியிருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அங்கே பெருகும். முதல் குற்றவாளி ஒருவர்; பிறகு கொள்ளையடிக்க வந்தவர்கள் வேறு. டாக்டர் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

வைரஸ் என்று நினைத்த பாக்டீரியா

இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1942-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் பேக்கர் நிமோனியா கண்ட பூனைகளிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து அறிவித்தார். அதை அவர் வைரஸ் என்றே அழைத்தார். சாதாரண பாக்டீரியாவைப் போல அது தட்டில் வளரவில்லை. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகியது. அந்தக் கால இலக்கணப்படி அப்படிப்பட்டது வைரஸ்தான். பல ஆண்டுகளுக்குப் பூனைச் சளி என்றாலே 'பேக்கர் கிருமி' என்று சொல்லப்பட்டது.

1957-ல் நியூஸிலாந்தில் கேலிசி வைரஸும், 1958-ல் அமெரிக்காவில் ஹெர்பிஸ் வைரஸும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே உண்மையான முதன்மைக் குற்றவாளிகள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 1960-களில் இன்னொரு திருப்பம்: பேக்கரின் 'வைரஸ்' உண்மையில் வைரஸே அல்ல, செல்லுக்குள் ஒளிந்து வாழும் ஒருவகை பாக்டீரியா என்று உறுதியானது. இன்று அதன் பெயர் கிளமிடியா ஃபெலிஸ். பாக்டீரியாவை வைரஸ் என்றும், வைரஸ் கொடுத்த நோயை பாக்டீரியா கொடுத்தது என்றும் விஞ்ஞானமே சில காலம் நம்பியிருக்கிறது. சந்தையில் சளி மருந்து கேட்டு நிற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்று முக்கியப் புள்ளிகள்

வைரஸின் உதவியில்லாமல் தாமே பூனையை நோயில் தள்ளக்கூடிய பாக்டீரியாக்களில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, மேலே சொன்ன கிளமிடியா. இது மூக்கைவிடக் கண்ணை அதிகம் விரும்பும். பெரும்பாலும் ஒரு வயதுக்குக் கீழான பூனைகளைப் பிடிக்கும். ஒரு கண்ணில் ஆரம்பிக்கும். இமையின் உட்புறம் சிவந்து, நீர் கோத்ததுபோல் வீங்கும். சில நாளில் மறு கண்ணுக்கும் பரவும். தும்மல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, பார்டெடெல்லா பிராங்கிசெப்டிகா. நாய்களுக்கு வரும் கடும் தொற்று இருமலில் பங்குள்ள அதே கிருமி. நாயிடமிருந்து பூனைக்கும் தொற்றக்கூடும். வளர்ந்த பூனைக்குத் தும்மலும் லேசான இருமலுமாகப் போய்விடும். பத்து வாரத்துக்குக் குறைந்த குட்டிகளிடம் நுரையீரலுக்கு இறங்கி உயிரைக் குடிக்கலாம். பூனை இருமுவது பொதுவாக அபூர்வம். ஆகவே ஒரே இடத்தில் பல குட்டிகள் இருமினால் டாக்டரின் காது நிமிரும்.

மூன்றாவது, மைக்கோபிளாஸ்மா. இதன் விசேஷம், மற்ற பாக்டீரியாக்களுக்கு உள்ள செல் சுவர் இதற்குக் கிடையாது. அமாக்ஸிசிலின், பென்சிலின், செஃபலெக்ஸின் போன்ற மருந்துகள் வேலை செய்வதே அந்தச் சுவரை இடித்துத்தான். இல்லாத சுவரை எப்படி இடிப்பது? வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியின் முன்னால் வெறும் சர்க்கரைப் பாகு. 'எது' என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடையாது.

மேஜையில் நடக்கும் விசாரணை

சிவாஜிநகரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், குவீன்ஸ் ரோட்டில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. இன்னும் வடக்கே போனால் ஹெப்பாளில் 1958-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி. நம் வழக்கில் இவை எல்லாம் மாட்டாஸ்பத்திரிதான். ஆனால் மாட்டுக்கு இணையாகப் பூனையும் கூடைக்குள் உட்கார்ந்து அங்கே வரிசையில் காத்திருக்கிற காலம் இது.

எந்த மருத்துவமனையானாலும் நல்ல நோயறிதல் கருவியில் தொடங்குவதில்லை, கேள்வியில் தொடங்குகிறது. வயது என்ன? எத்தனை நாளாக? தடுப்பூசி போட்டதா? வெளியே போய் வருமா? வீட்டில் வேறு பூனை, நாய் உண்டா? அவற்றுக்கும் இருக்கிறதா? சமீபத்தில் வீடு மாறினீர்களா, புதுப் பூனை வந்ததா? கடைசிக் கேள்வி அரட்டையல்ல. ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை நுழைந்தால் பூனையின் நரம்புக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். வீடு மாற்றம், புது வரவு, பிரசவம் போன்ற நெருக்கடியில் மீண்டும் தலைதூக்கும். 'வருஷா வருஷம் சளி பிடிக்கிறது' என்று சொல்லப்படும் பூனைகளில் பல இந்த வகை.

அடுத்து உடல் சொல்லும் சாட்சி. நாக்கிலும் அண்ணத்திலும் புண் இருந்தால் கேலிசி வைரஸ் மீது சந்தேகம் போகும். கண்ணின் கருவிழியில், குறிப்பாக மரக்கிளை போன்ற வடிவத்தில் புண் இருந்தால் ஹெர்பிஸ். தும்மல் அதிகமில்லாமல் கண் மட்டும் வீங்கியிருந்தால் கிளமிடியா. இரண்டு மூக்குத் துவாரத்திலும் வழிகிறதா, ஒன்றில் மட்டுமா என்பதும் முக்கியம். ஒரே பக்கம் விடாமல் வழிந்தால், தொற்றைவிட மூக்கில் சிக்கிய புல், அழுகிய பல் வேர், சதை வளர்ச்சி, கட்டி ஆகியவற்றைத் தேட வேண்டும். மூக்கின் மேல்பகுதி வீங்கி உருமாறினால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் பட்டியலில் சேரும்.

இவை எல்லாம் குறிப்புகளே தவிரத் தீர்ப்பல்ல. ஒரே குட்டியிடம் இரண்டு வைரஸும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்திருப்பதும் உண்டு. பல பூனைகள் நெருக்கியடித்து வாழும் இடங்களில், அதாவது காப்பகத்திலோ சந்தையோரத்திலோ, இது சகஜம்.

சோதனைக்கூடம் எதைச் சொல்லும்?

அப்படியானால் பஞ்சுக் குச்சியில் சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். இங்கேதான் புதிர் முறுக்கிக்கொள்கிறது. மூக்கு, கோயில் வாசல் மாதிரி. யார் வேண்டுமானாலும் நின்றுகொண்டிருக்கலாம். ஆரோக்கியமான பூனையின் மூக்கிலிருந்து எடுத்தாலும் தட்டில் பல பாக்டீரியாக்கள் வளரும். வளர்ந்தது குற்றவாளி என்று எடுத்துக்கொண்டு, அதைக் கொல்லும் மருந்து எது என்று பட்டியல் போட்டால், அப்பாவியைத் தூக்கில் போடுவதாகும். நேர்மாறான ஆபத்தும் உண்டு. கிளமிடியா சாதாரணத் தட்டில் வளரவே வளராது. மைக்கோபிளாஸ்மாவுக்குத் தனி ஊட்டம் வேண்டும். 'எதுவும் வளரவில்லை' என்ற அறிக்கை, எதுவும் இல்லை என்று ஆகாது.

கோவிட் காலத்தில் இந்தியா முழுவதும் மனப்பாடமான பி.சி.ஆர். சோதனை இங்கே உதவுகிறது. கிருமியின் மரபணுத் துணுக்கையே தேடிப் பிடிப்பதால், வளராத கிருமியும் சிக்கும். கிளமிடியாவுக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் குச்சியால் பீளையைத் தொட்டு எடுத்தால் போதாது. கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதால், இமையின் உட்புறத்தைச் சற்று அழுத்தித் துடைத்து, செல்களோடு எடுக்க வேண்டும். மாதிரி எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால் அங்கேயும் கைவிரிப்புதான். 'முதலில் மாத்திரை, பிறகு பார்ப்போம்' என்ற பழக்கம், பிறகு பார்ப்பதற்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை.

பி.சி.ஆரும் பிரம்மாஸ்திரம் அல்ல. மைக்கோபிளாஸ்மாவும் பார்டெடெல்லாவும் நோயே இல்லாத பூனைகளிடமும் காணப்படுகின்றன. அண்மையில் போட்ட உயிருள்ள வைரஸ் தடுப்பூசியும் 'வைரஸ் இருக்கிறது' என்ற முடிவைத் தரலாம். இருப்பதும் நோய் கொடுப்பதும் ஒன்றல்ல. அறிக்கைத் தாளையும் பூனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசியில் தேவைப்படுகிறார்.

பத்து நாள் கணக்கு

இந்தச் சிக்கலுக்கு நடைமுறை வழியொன்றைச் சொன்னது 2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். நாய், பூனைகளின் மூச்சுப் பாதை நோய்களில் ஆன்டிபயாட்டிக்கை எப்போது பயன்படுத்துவது என்று பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்தது. அதன் சாரம் இது: தும்மலும் மூக்கொழுகலும் இருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை, பூனை சாப்பிடுகிறது என்றால் பத்து நாள் வரை ஆன்டிபயாட்டிக் இல்லாமல் கவனித்துப் பார்க்கலாம். மூக்குச் சளியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதால் இந்தக் கட்டத்தில் பெரிய பயனில்லை.

காய்ச்சல், சோர்வு, உணவு மறுப்பு ஆகியவற்றோடு சீழ்போன்ற சளியும் சேர்ந்தால் கதை வேறு. பாக்டீரியா கைவரிசை காட்டுகிறது என்று கொண்டு மருந்து தொடங்கலாம். முதல் தேர்வு டாக்ஸிசைக்ளின், ஏழு முதல் பத்து நாள். மேலே சொன்ன மூன்று பாக்டீரியாக்கள் மீதும் பொதுவாக வேலை செய்வது அதுதான். கிளமிடியா என்று தெரிந்தால் நாலு வாரம், அதுவும் வீட்டில் சேர்ந்து வாழும் எல்லாப் பூனைகளுக்கும். கண் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாள் நிறுத்தினால் அது திரும்பி வரும். மனிதர்களிடையே பிரபலமான அஸித்ரோமைசின், கிளமிடியாவைப் பூனையின் உடலிலிருந்து முழுமையாக அகற்றவில்லை என்பதை ஆய்வு காட்டியிருக்கிறது.

பத்து நாளுக்கு மேலும் நீடித்தால், மருந்தை மாற்றிக்கொண்டே போவது தவறு. மயக்கம் கொடுத்து மூக்குக்குள் பார்ப்பது, படம் எடுப்பது, உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவி அதைச் சோதிப்பது, சிறு சதைத் துணுக்கு எடுப்பது என்று காரணத்தைத் தேட வேண்டும். பழைய ஹெர்பிஸ் தாக்குதலில் மூக்கின் மெல்லிய எலும்புச் சுருள்கள் சிதைந்துபோய், ஆயுள் முழுக்க மூக்கொழுகும் பூனைகளும் உண்டு. அவற்றுக்குத் தேவை பராமரிப்பு; மாதா மாதம் புது ஆன்டிபயாட்டிக் அல்ல.

நெஞ்சுக்குள் இறங்கினால்

இதுவரை சொன்னது தொண்டைக்கு மேலான விவகாரம். நோய் நுரையீரலுக்கு இறங்கினால் பத்து நாள் கணக்கெல்லாம் செல்லாது. விசித்திரம் என்னவென்றால், நிமோனியா கண்ட சில பூனைகளுக்குக் காய்ச்சலும் இராது, இருமலும் இராது. மூச்சு மட்டும் வேகமாகும். மூலையில் போய் ஒடுங்கும். வலியை மறைப்பதில் பூனைக்கு இணை பூனைதான்.

எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் வெண்மைத் திட்டுகள் தெரியலாம். அவை பாக்டீரியாவின் வேலையா, பூனை ஆஸ்துமாவா, நுரையீரல் புழுவா, இதய நோயால் கோத்த நீரா என்பதைப் படம் மட்டும் சொல்லிவிடாது. மயக்கம் தாங்கும் நிலையில் பூனை இருந்தால், மூச்சுக் குழாய் வழியாகக் கொஞ்சம் உப்பு நீரைச் செலுத்தி உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பாக்டீரியாவை விழுங்கிய வெள்ளை அணுக்கள் தென்பட்டால், அது வலுவான சாட்சி. இயோசினோஃபில் என்ற அணுக்கள் நிறைந்திருந்தால் ஆஸ்துமாவோ புழுவோ சந்தேகத்துக்குரியது. புழுவைத் தேட மலப் பரிசோதனை வேண்டும். மூக்கைப் போல் அல்லாமல் இங்கே எடுத்த நீரில் வளரும் பாக்டீரியாவுக்கு மதிப்பு உண்டு. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற சோதனைக்கும் அர்த்தம் உண்டு. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும். நிமோனியாவுக்கு அதே மருந்து நோயைக் கிளறிவிடும். கணிப்பு தப்பினால் மருந்தே நஞ்சு.

இன்னொன்று, நெஞ்சுக் கூட்டுக்குள் சீழ் கட்டுவது. சண்டையில் பட்ட கடி போன்றவற்றிலிருந்து வாயில் வாழும் பாக்டீரியாக்கள் உள்ளே போய்விடும். ஊசி போட்டு எடுத்தால் துர்நாற்றமடிக்கும் சீழ் வரும். காற்றில்லாமல் வளரும் கிருமிகள் அதில் அதிகம் என்பதால், அவற்றுக்கான தனிச் சோதனையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சீழை வடித்தெடுக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துக் காப்பாற்றுவது கடினம்.

பிளேக் விட்டுப்போன பாடம்

பூனையின் மூச்சு நோயை யாரோ ஒருவரது வீட்டுப் பிராணியின் தொல்லை என்று ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம், சிவாஜிநகரின் சொந்த வரலாற்றோடு தொடர்புடையது. ஒருகாலத்தில் பிளாக்பள்ளி என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி, 1809-ல் உருவான பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பை ஒட்டி, தமிழ் நாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகளால் நிறைந்தது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தபோது இத்தகைய நெருக்கமான பேட்டைகளே மிகவும் வதைபட்டன. நகரின் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தப் பயத்தின் எச்சம்.

எலி கொண்டுவரும் பிளேக்குக்குப் பூனையே மருந்து என்று அந்தக் காலத்தில் வாதாடியவர்களும் உண்டு. இன்றைய மகாராஷ்டிரத்தின் அமராவதியில் பணியாற்றிய ஆண்ட்ரூ புக்கனன் என்ற ராணுவ மருத்துவர், பூனை வளர்க்கும் வீடுகளில் பிளேக் குறைவு என்று கூறி, பூனை வளர்ப்பை ஊக்குவிக்கச் சொன்னார். எலி குறையும் என்பது சரி. ஆனால் பூனைக்கே பிளேக் வரும், அது நுரையீரலுக்கும் பரவும், இருமித் தும்மும் அந்தப் பூனையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பது பின்னால் தெளிவாயிற்று. 1977 முதல் 1998 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பூனைகள் மூலம் 23 பேருக்கு பிளேக் தொற்றியது. ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ஐந்து மரணங்களுக்கும் பின்னால் இருந்தது, நோயைத் தவறாகக் கணித்ததும் சிகிச்சைக்கு வரத் தாமதித்ததும்.

நம் நாட்டிலும் ஒரு சம்பவம் உண்டு. 2002 பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசம் சிம்லா மாவட்டத்தின் ஹாட்கோட்டி கிராமத்தில் நிமோனியா பிளேக் தலைகாட்டியது. 16 பேருக்கு நோய், நாலு பேர் மரணம். முதலில் நோயுற்றவர் ஒரு வேட்டைக்காரர். நோய்ப்பட்ட காட்டுப் பூனை ஒன்றைக் கொன்று தோலுரித்தவர். அவரிடமிருந்து உறவினர்களுக்கும் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கும் பரவியது.

இதைப் படித்துவிட்டு மடியில் கிடக்கும் பூனையைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. பெங்களூரில் மூக்கொழுகும் பூனைக்கு பிளேக் என்று யாரும் சந்தேகிக்கப் போவதில்லை. ஆனாலும் கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் சந்திக்கும் பகுதி பிளேக் கிருமி காட்டு எலிகளிடையே நீடித்த இடமாக அறியப்பட்டது. அதைக் கண்காணிக்கும் மத்திய அரசின் பிரிவு பெங்களூரிலேயே இருக்கிறது. கிருமிகளுக்குப் பேட்டை எல்லை தெரியாது.

புதிய எச்சரிக்கை 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலிருந்து வந்தது. அங்கே இறந்த வீட்டுப் பூனைகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானது. அது வைரஸ், பாக்டீரியா அல்ல. ஆனால் மூச்சுத் திணறும் பூனைக்கு 'சளிக் கிருமி' என்று ஊசி போட்டு அனுப்பியிருந்தால் அது கண்டுபிடிக்கப்பட்டே இருக்காது. கோழிக்கடைக் கழிவை உண்டு வாழும் சந்தைப் பூனைகள் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

கால் மாத்திரையின் முழு விலை

இன்னொரு விலை மெதுவாக வசூலாகிறது. பூனைக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினும் அமாக்ஸிசிலினும் நாம் சாப்பிடும் அதே மருந்துகள். தேவையில்லாத ஒவ்வொரு அரை வேளை மருந்தும், பூனையின் உடலில் உள்ள பாக்டீரியாக்களுக்கு அந்த மருந்தைத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பூனை படுப்பது நம் தலையணையில். இந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் அலமாரியில் இருக்கிறது. மாத்திரை கவுன்டரில் கிடைக்கிறது.

பூனைக்கே நேரடியாக வரும் கேடும் குறைவல்ல. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வெறுமனே விழுங்க வைத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கி, குழாயையே சுருக்கிவிடக்கூடும்; உடனே தண்ணீரோ உணவோ கொடுக்க வேண்டும். சர்வசாதாரணமாகப் போடப்படும் என்ரோஃப்ளாக்ஸசின் ஊசி, அளவு மீறினால் பூனையின் பார்வையைப் பறிக்கும். காய்ச்சலுக்கென்று கொடுக்கும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

தடுப்பு இருக்கிறது. ஹெர்பிஸ், கேலிசி இரண்டுக்கும் குடல் நோயான பான்லூகோபீனியாவுக்கும் சேர்த்துப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசி இங்கே கிடைக்கிறது. அது தொற்றை அடியோடு தடுக்காது. ஆனால் நோயின் கடுமையைக் குறைக்கும். வைரஸ் புண்ணாக்காத மூக்கில் பாக்டீரியாவுக்கும் வேலை குறைவு. இதற்கெல்லாம் செலவும் நேரமும் ஆகும் என்பது உண்மைதான். எல்லா ஊரிலும் எல்லாச் சோதனையும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் மேலே சொன்ன விசாரணையின் பெரும்பகுதிக்குக் கருவியே வேண்டாம். எந்த நாளில் தொடங்கியது, எந்தக் கண்ணில் தொடங்கியது, எப்போது சாப்பாட்டை நிறுத்தியது என்று கவனித்து வைத்திருக்கும் வீட்டுக்காரர், பாதி நோயறிதலைக் கையோடு கொண்டுபோகிறார். 'சளி' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கொண்டுபோகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை ஊசி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30-க்குள் இருப்பது இயல்பு. 40-ஐத் தாண்டினால் தாமதிக்க வேண்டாம்.

வாயைத் திறந்து மூச்சு விட்டால், ஈறு நீலம் பாய்ந்தால், அதே நிமிடம் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பூனை மோப்பம் பிடித்தே சாப்பிடும். மூக்கடைத்தால் பசியும் போகும். உணவை லேசாகச் சூடாக்கி வையுங்கள். மூக்கையும் கண்ணையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். இரண்டு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் ஈரலே பாதிக்கப்படலாம். குட்டியானால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

நோயுற்ற பூனையைத் தனியே வையுங்கள். கிண்ணத்தையும் படுக்கையையும் பிரித்து, தொட்ட பின் சோப்பால் கை கழுவுங்கள். வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளி இருந்தால் இதில் கூடுதல் கண்டிப்பு தேவை.

பச்சைக் கோழி இறைச்சி, ஈரல், குடல் எதையும் வேகவைக்காமல் கொடுக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது ஏற்கனவே கொடுத்த மருந்தின் அட்டையையும் எடுத்துப்போங்கள். கால் மாத்திரை கொடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவல் சோதனை முடிவின் அர்த்தத்தையே மாற்றிவிடும்.